கைக்குழந்தையோடு விமானப் பயணம்: எப்போது, எப்படிப் பால் கொடுப்பது?

கேள்வி: என் மகளுக்கு நான்கு மாதம் முடிந்திருக்கிறது. தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறாள். அடுத்த மாதம் நான் தனியாக அவளைத் தூக்கிக்கொண்டு விமானத்தில் போக வேண்டும். முதல் விமானம் ஒன்பது மணி நேரம். நடுவில் மூன்று மணி நேரம் காத்திருந்து, இன்னொரு விமானத்தில் இரண்டரை மணி நேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் காது வலிக்காது என்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அவள் குடிக்காவிட்டால் என்ன செய்வது? முன்பின் தெரியாதவர் பக்கத்தில் இருக்கும்போது அந்தக் குறுகலான இருக்கையில் எப்படிக் கொடுப்பது? விமானத்தில் பால் வற்றிவிடும், பவுடர் பால் கையோடு இருக்கட்டும் என்று என் மாமியார் சொல்கிறார். ஃப்ரீசரில் சேர்த்து வைத்திருக்கும் பாலையும் எடுத்துப் போக ஆசையாக இருக்கிறது. முடியுமா?

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒரு நிம்மதி. கைக்குழந்தையோடு நெடுந்தூரம் பறப்பதில், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையோடு பறப்பதுதான் எளிது. கலக்க வேண்டாம், சூடாக்க வேண்டாம், பாட்டில் கழுவ வேண்டாம், விமானம் தாமதமானால் தீர்ந்துபோகுமோ என்ற பயமும் வேண்டாம். நீங்கள் திட்டமிட வேண்டியது நேரத்தையும் உட்காரும் விதத்தையும்தான். அந்த நேரம் பற்றித்தான் பலரும் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் சொல்கிறார்கள். அதனால் காதிலிருந்தே தொடங்குகிறேன்.

விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் நிற்பதற்குச் சமமாக வைக்கப்பட்டிருக்கும். விமானம் மேலே ஏறும்போது இந்த அழுத்தம் மெல்லக் குறைகிறது. செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவியில் இருக்கும் காற்று விரிகிறது. விரிந்த காற்று, நடுச்செவியையும் தொண்டையின் மேல்பகுதியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாயைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடும். அதனால் ஏறும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு வலி வருவதில்லை.

இறங்கும்போது கதை நேர்மாறு. வெளியே அழுத்தம் கூடுகிறது, நடுச்செவிக்குள் குறைவாக இருக்கிறது. செவிப்பறை உள்பக்கமாக இழுக்கப்படுகிறது. காற்று உள்ளே போக வேண்டும், ஆனால் அந்தக் குழாயின் தொண்டைப் பக்க முனை ஒரு வழி வால்வு போல மூடிக்கொள்கிறது. அதைத் திறக்க விழுங்க வேண்டும், அல்லது கொட்டாவி விட வேண்டும், அல்லது அழ வேண்டும். பெரியவர்கள் எச்சிலை விழுங்கிச் சமாளிக்கிறோம். குழந்தைக்கு அந்தக் குழாய் குறுகலாகவும் கிட்டத்தட்டப் படுக்கைவசத்திலும் இருக்கிறது, விழுங்க வேண்டும் என்று அதற்குத் தெரியவும் தெரியாது. பால் கொடுத்தால் விழுங்குகிறது. விஷயம் இவ்வளவுதான்.

ஆக, நீங்கள் குறி வைக்க வேண்டியது தரையிறங்கும் நொடியை அல்ல, கீழிறங்கத் தொடங்கும் நேரத்தை. சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சுமார் அரை மணி நேரத்துக்கு முன்பே அழுத்தம் மாறத் தொடங்கிவிடும். இன்ஜின் ஓசை திடீரென்று தணியும், விமானத்தின் மூக்கு லேசாகக் கீழே சாய்வது தெரியும், விமானி அறிவிப்பார், முன்னிருக்கைத் திரையில் வரைபடம் இருந்தால் உயரத்தின் எண் குறையத் தொடங்கும். தரை கண்ணுக்குத் தெரிந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருப்பவர்களின் குழந்தை அதற்குள் வலியில் அழுதுகொண்டிருக்கும். அழுது விறைத்துப்போன குழந்தையை மார்பில் பிடிக்க வைப்பதும் கடினம்.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். தரையிறங்கும் நேரத்துக்கு 50 நிமிடம் முன்னால் டயாபர் மாற்றி முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கழிவறை வாசலில் வரிசை நிற்கும், சீட் பெல்ட் விளக்கும் எரிந்துவிடும். 30 நிமிடம் இருக்கும்போது மார்பில் வையுங்கள். ஒரு பக்கம் ஐந்தாறு நிமிடம், அடுத்த பக்கம் ஐந்தாறு நிமிடம் என்று மாற்றி மாற்றி, தரையைத் தொடும் வரை இழுத்துக்கொண்டு போகலாம்.

இதற்காகக் குழந்தையைப் பட்டினி போட்டு வைக்காதீர்கள். 'இறங்கும்போது குடிக்க வேண்டுமே' என்று இரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டால், கடைசியில் அவள் பசி வெறியில் இருப்பாள், உங்கள் மார்பும் கல்லாகியிருக்கும். அந்த நிலையில் அவளால் சரியாகப் பிடிக்க முடியாது. பசித்தபோதெல்லாம் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்தான் குடித்தாள் என்றாலும் இறங்கும்போது மறுபடி காட்டுங்கள். இந்த வயதில் வயிற்றுக்கு வேண்டாவிட்டாலும் ஆறுதலுக்குச் சப்புவார்கள்.

ஆனால் வெறுமனே சப்பினால் போதாது, விழுங்க வேண்டும். தாடை நன்றாகக் கீழிறங்கி, ஒரு கணம் நின்று, மெல்லிய 'க்க்' என்ற சத்தம் வந்தால் விழுங்குகிறாள் என்று பொருள். இன்ஜின் ஓசையில் சத்தம் கேட்காது. தாடை நிற்பதைப் பாருங்கள், காதுக்குக் கீழே தாடை மூட்டில் விரல் வைத்தாலும் தெரியும். வேகமாக, படபடவென்று உதடு மட்டும் ஆடினால் பால் வரவில்லை என்று அர்த்தம். அப்போது மார்பை நான்கு விரலும் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம் வைத்துப் பிடித்து, காம்பிலிருந்து தள்ளி, வலிக்காத அளவுக்கு மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். பால் பாய்ந்து ஓரிரு மிடறு விழுங்குவாள். விழுங்குவது நின்றதும் விட்டுவிட்டு, இடம் மாற்றி மறுபடி அழுத்துங்கள்.

எதற்கும் மசியாமல் அழுகிறாள் என்றால்? அழட்டும் என்று சொல்ல எனக்கும் மனம் வராது, ஆனால் அழுகையும் அந்தக் குழாயைத் திறக்கத்தான் செய்கிறது. நீங்கள் எதையோ கெடுத்துவிட்டீர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. சுத்தமான விரலை, நகம் நாக்குப் பக்கமாகவும் சதைப்பகுதி மேலண்ணத்தைத் தொடுமாறும் கொடுத்துச் சப்ப வைத்து, சற்று அமைதியானதும் மார்புக்கு மாற்றிப் பாருங்கள்.

தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டுமா என்று அடுத்த கேள்வி வரும். ஏறும்போது தூங்கினால் தொடவே வேண்டாம். இறங்கும்போது, தூக்கத்தில் விழுங்குவது குறையும் என்பதால், முழுக்க எழுப்பாமல் மார்போடு சேர்த்து, காம்பால் மேலுதட்டை வருடுங்கள். அரைத் தூக்கத்திலேயே வாய் திறந்து குடிக்கிற குழந்தைகள் நிறைய. குடிக்காமல் நிம்மதியாகத் தூங்கினால் விட்டுவிடுங்கள். மூக்கு அடைப்பில்லாத, ஆரோக்கியமான குழந்தை தூங்கியபடியே இறங்கிவிடுவதும் சகஜம்தான்.

மூக்கடைப்பு இருந்தால் மட்டும் விஷயம் வேறு. சளி பிடித்திருக்கும்போது அந்தக் குழாயின் உட்பக்கம் வீங்கியிருக்கும், விழுங்கினாலும் சரியாகத் திறக்காது. பயணத்துக்கு இரண்டொரு நாள் முன்னால் சளியோ காய்ச்சலோ காது வலியின் அறிகுறியோ இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காதைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். லேசான அடைப்புதான் என்று அவர் சொன்னால், இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன் உப்புநீர்ச் சொட்டு மருந்தை இரண்டு நாசியிலும் விட்டுத் துடைத்துவிட்டுப் பால் கொடுங்கள். மூக்கு அடைத்த குழந்தையால் வாயை மூடிக்கொண்டு குடிக்கவும் முடியாது என்பதால் இந்தச் சொட்டு மருந்து இரண்டு வகையில் உதவும். குழந்தை தூங்கட்டும் என்று சளி சிரப்பு கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது, அது வேண்டவே வேண்டாம்.

ஏறும்போது கொடுப்பதைப் பற்றிப் பலர் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். கதவு மூடியதும் பால் கொடுக்கத் தொடங்கினால், விமானம் ஓடுபாதையில் இருபது நிமிடம் வரிசையில் நின்று, கிளம்புவதற்குள் அவள் குடித்து முடித்திருப்பாள். விமானம் வேகம் பிடிக்கும்போது தொடங்கினால் போதும். தவறிப்போனாலும் பாதகமில்லை.

இனி, உட்காரும் விதம். கிளம்பும்போதும் இறங்கும்போதும் இருக்கை நிமிர்ந்திருக்க வேண்டும், கைப்பிடி கீழே இருக்க வேண்டும், உங்கள் பெல்ட் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக இறுக்கியிருக்க வேண்டும். குழந்தை உங்கள் பெல்ட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். ஒரே பெல்ட்டுக்குள் இருவரும் இருந்தால், திடீரென்று குலுங்கும்போது உங்கள் உடல் எடை முழுவதும் குழந்தையின் வயிற்றில் நசுக்கும். சில விமான நிறுவனங்கள் உங்கள் பெல்ட்டில் கோத்துக் குழந்தையின் இடுப்பைச் சுற்றிக் கட்டும் சின்ன பெல்ட் தருவார்கள். சில நாடுகளில் அதற்கு அனுமதி இல்லை. துணித் தூளியில் மார்போடு கட்டி வைத்திருந்தால் அந்த நேரத்தில் வெளியே எடுக்கச் சொல்வது பொதுவான வழக்கம். பால் கொடுப்பதைத் தடுக்கும் விதி பெரும்பாலும் இருக்காது. ஆனால் குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லும் பணியாளர்களும் உண்டு. ஏறியதுமே பணிப்பெண்ணிடம், "இறங்கும்போது காது வலிக்காமல் இருக்கப் பால் கொடுப்பேன், எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள். கடைசி நிமிடத்தில் வாக்குவாதம் வேண்டியிருக்காது. மறுத்தால், இறங்கத் தொடங்கியதிலிருந்து சீட் பெல்ட் சரிபார்க்க வரும் வரை உள்ள பதினைந்து இருபது நிமிடத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டு, மிச்சத்துக்கு விரலையோ, பழகியிருந்தால் சூப்பானையோ கொடுங்கள்.

ஒன்பது மணி நேர விமானத்துக்குத் தொட்டில் இருக்கையை இப்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள். கேபின் தடுப்புச் சுவரில் மாட்டும் பேசினெட் அது. எண்ணிக்கை குறைவு, எடை வரம்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அடுத்த மாதம் உங்கள் மகள் எவ்வளவு எடை இருப்பாள் என்பதைச் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். தனியாகப் போகும் உங்களுக்கு இரண்டு கையும் காலியாகும் நேரம் வேண்டும், அதனால் நீண்ட பயணத்தில் இதுவே என் தேர்வு. ஆனால் குறைகளைத் தெரிந்துகொண்டு போங்கள். அந்த முதல் வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் பல விமானங்களில் கைப்பிடியைத் தூக்க முடியாது, இருக்கை இன்னும் குறுகும். முன்னிருக்கையும் இல்லாததால் கிளம்பும்போதும் இறங்கும்போதும் பையை மேலே வைக்கச் சொல்வார்கள். உங்களுக்குப் பை தேவைப்படுவது அந்த நேரத்தில்தான். ஆகவே ஒரு டயாபர், ஒரு துடைக்கும் துணி, சால்வை, உப்புநீர்ச் சொட்டு இவற்றைக் கையோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமானம் குலுங்கும்போது குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள் என்பதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இரண்டரை மணி நேர விமானத்துக்கு சன்னல் இருக்கை. நடைபாதை இருக்கை பால் கொடுப்பவருக்கு ஆகாது. உணவு வண்டி வரும்போது மடியில் கிடக்கும் குழந்தையின் தலையோ பாதமோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சூடான காபியைத் தலைக்கு மேலே கைமாற்றுவார்கள். கைக்குழந்தைக்கு அது தீக்காயம்.

சன்னல் உங்கள் இடதுகைப் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடது மார்பில் கொடுப்பது எளிது. அவள் தலை உங்கள் இடது முழங்கை மடிப்பில் சுவரை ஒட்டியிருக்கும், கால் மட்டும் பக்கத்து இருக்கைப் பக்கம் வரும். முழங்காலை மடித்து உங்கள் வலது இடுப்போடு சேர்த்துக்கொண்டால் அடுத்தவரை உதைக்காது. சால்வையைச் சுருட்டி இடது முழங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே செருகுங்கள், இல்லையென்றால் பத்தே நிமிடத்தில் தோள் கடுக்கும். சிக்கல் வலது மார்பில்தான். மடியில் படுக்க வைத்தால் தலை பக்கத்து இருக்கைக்காரரின் கையை இடிக்கும். அப்போது அவளை நிமிர்த்தி, உங்களைப் பார்த்தபடி, உங்கள் வலது தொடையின் இருபுறமும் கால் போட்டு உட்கார வையுங்கள். வலது கை முதுகைத் தாங்கட்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காதுகளுக்குக் கீழே கழுத்தைப் பிடித்திருக்கட்டும். தலையின் பின்புறத்தை அழுத்த வேண்டாம். அழுத்தினால் எதிர்த்துப் பின்னால் தள்ளுவாள். தலை நின்ற குழந்தைக்கு இந்த நிலை மிகவும் வசதி. இருக்கையின் அகலத்துக்குள்ளேயே முடிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, குடித்த பால் எதுக்களிப்பதும் குறையும். வீட்டில் கைப்பிடி வைத்த நாற்காலியில் தினம் ஒரு வேளை இப்படிக் கொடுத்துப் பழகுங்கள். விமானத்தில் முதல்முறையாக முயன்றால் இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும்.

உடை விஷயத்தில் இரண்டு அடுக்கு போதும். உள்ளே கழுத்துப் பக்கம் கீழே இழுக்கக்கூடிய பனியன், மேலே தூக்கக்கூடிய தளர்வான சட்டை. மேல்சட்டை மார்பின் மேல்பகுதியை மறைக்கும், உள்பனியன் வயிற்றை மறைக்கும், நடுவில் குழந்தையின் தலை. பக்கவாட்டில் மட்டும் ஒரு சால்வையைத் தோளில் போட்டால் முடிந்தது. முழுதாக மூடும் துணியை இந்த வயதுக் குழந்தைகள் பலர் கையால் தட்டிவிடுவார்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் மெல்லிய பருத்தித் துணியாக, அவள் முகமும் மூக்கும் உங்கள் கண்ணுக்கு எப்போதும் தெரியும்படி இருக்கட்டும். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், "குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுக்க வேண்டியிருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதிலேயே பெரும்பாலும் சங்கடம் தீர்ந்துவிடும். வேறு இடம் காலியிருந்தால் அவரே கேட்டு மாறிக்கொள்வார், அல்லது பணியாளர் மாற்றிக் கொடுப்பார். யார் சொன்னாலும் கழிவறைக்குப் போய்ப் பால் கொடுக்காதீர்கள். அங்கே பெல்ட் இல்லை, சுத்தம் இல்லை, குலுங்கினால் பிடித்துக்கொள்ள இடம் இல்லை. உங்கள் குழந்தை சாப்பிடும் இடம் உங்கள் இருக்கைதான்.

இந்த வயதில் இன்னொரு தொல்லை, வேடிக்கை பார்ப்பது. இரண்டு மிடறு குடிப்பாள், யாராவது நடந்து போனால் காம்போடு சேர்த்துத் தலையைத் திருப்புவாள். சன்னல் திரையை இறக்கி, மேலே எரியும் விளக்கை அணைத்து, அவள் முதுகு நடைபாதைப் பக்கம் இருக்குமாறு உட்காருங்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது நன்றாகக் குடிப்பாள், அந்த வேளைகளைத் தவறவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரவு விமானம், இருட்டு, களைப்பு, பால் கொடுக்கும்போது சுரக்கும் ஹார்மோன்களே தூக்கத்தைத் தூண்டும். அவள் மார்பில் இருக்கும்போதே கண் அசந்துவிட்டால், முகம் உங்கள் உடலிலோ துணியிலோ புதைந்து மூச்சு அடைபடலாம், இருக்கை இடுக்கிலும் சரியலாம். கண் சொருகுவது தெரிந்ததும் அவளைத் தொட்டிலில் கிடத்துங்கள், அல்லது பணியாளரிடம், "பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டிய உதவி அல்ல இது.

பால் வற்றுமா? வற்றாது. கேபின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும், உங்களுக்குத் தொண்டையும் உதடும் வறளும். அது தாகம். பால் சுரப்பதைத் தீர்மானிப்பது மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறது என்பதுதான், ஒரு நாள் தண்ணீர் சற்றுக் குறைந்ததால் சுரப்பு நின்றுவிடாது. தாகம் எடுத்தபோதெல்லாம் குடியுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு தம்ளர் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. விமானத்தில் நடப்பது பெரும்பாலும் வேறு. பதற்றத்தில், பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசின் தடைபட்டு, இருக்கும் பால் இறங்கத் தாமதமாகும். குழந்தை இழுத்து இழுத்துப் பார்த்து அழுவாள், அம்மா 'பால் இல்லை' என்று பயப்படுவாள். தோளைத் தளர்த்தி, நீளமாக நாலைந்து மூச்சு விட்டு, காம்பை விரலால் சற்று உருட்டி இரண்டு சொட்டு வரவழைத்துவிட்டு மார்பில் வையுங்கள்.

குழந்தைக்கும் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது விமானத்துக்கும் பொருந்தும். வறண்ட காற்றில் அவள் வழக்கத்தைவிட அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பாள். கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் சரியாகிவிடும்.

பவுடர் பால் பற்றி உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: பவுடர் பால் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்கி, ஆற வைத்து, கிருமி நீக்கிய பாட்டிலில் கொடுக்க வேண்டும். விமான இருக்கையில், மடியில் குழந்தையோடு, ஒற்றை ஆளாக அதைச் செய்வது தாய்ப்பால் கொடுப்பதைவிடப் பல மடங்கு கடினம். போதாததற்கு, ஒரு வேளை பவுடர் பால் கொடுத்தால் அந்த வேளைப் பால் உங்கள் மார்பில் தங்கிவிடும்.

அப்படித் தங்குவதும் பயணத்தில் எளிதாக நடக்கக்கூடியது. குழந்தை ஐந்து மணி நேரம் தூங்கிவிடலாம், நீங்களும் எழுப்ப மனமில்லாமல் விட்டுவிடலாம். மார்பு கனத்து வலித்தால் ஒரு தம்ளரிலோ துணியிலோ, கையால், இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுங்கள். முழுக்கக் காலி செய்ய வேண்டாம், செய்தால் இன்னும் அதிகமாகச் சுரக்கும். கட்டி தென்பட்டால் அழுத்தித் தேய்த்து உருவிவிடும் பழைய முறையை விட்டுவிடுங்கள். அது உள்ளே வீக்கத்தைக் கூட்டுகிறது என்பதால் இப்போது மருத்துவர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஒத்தடம், வலித்தால் பாராசிட்டமால், வழக்கம்போலப் பால் கொடுப்பது, இவை போதும். கம்பி வைத்த இறுக்கமான பிராவும் தோள்பையின் வாரும் மார்பை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்து, ஒரு நாளில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கே ஜலதோஷம் என்றால் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை வேண்டாம், அது பால் சுரப்பைக் குறைக்கக்கூடியது.

ஃப்ரீசர் பாலுக்கு வருவோம். இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்றால் விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் மகள் வயதில் ஒரு குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லி பால் குடிக்கிறது. அப்படியானால் நீங்கள் சுமக்கப்போவது இரண்டு நாள் பால்கூட இல்லை. தனியாக, கைக்குழந்தையோடு, இரண்டு விமானம் மாறிப் போகும் ஒருவருக்கு அந்தப் பெட்டி பெரும் பாரம்.

அதைவிட அதிகம் இருக்கிறது, விட மனமில்லை என்றால் நேரக் கணக்கைப் பாருங்கள். பறப்பதும் காத்திருப்பதும் பதினான்கரை மணி நேரம். வீட்டிலிருந்து கிளம்புவது, பாதுகாப்புச் சோதனை, இறங்கிப் பெட்டி எடுப்பது எல்லாம் சேர்த்தால் இருபதைத் தொடும். நல்ல குளிர்காப்புப் பெட்டியில், உறைந்த ஐஸ் பேக்குகளோடு, தாய்ப்பாலை 24 மணி நேரம் வரை வைக்கலாம் என்பது பொது அளவு. விமானம் தாமதமானால் அந்த எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். பால் பைகளைத் தட்டையாக உறைய வைத்து, இடைவெளி இல்லாமல் அடுக்கி, மிச்ச இடத்தைச் சுருட்டிய துணியால் நிரப்பி மூடுங்கள். வழியில் திறக்க வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் உள்ளே இன்னும் பனித்துகள் இருந்தால் மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாம். முழுக்க உருகியிருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

பாதுகாப்புச் சோதனையில், திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதியிலிருந்து தாய்ப்பாலுக்குப் பல நாடுகளில் விலக்கு உண்டு. ஆனால் விவரம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் குழந்தை கூட இல்லாவிட்டாலும் தாய்ப்பாலும் அதற்கான ஐஸ் பேக்கும் கைப்பையில் கொண்டு போகலாம். பிரிட்டனில் திரவமாக இருந்தால் ஒரு பாட்டிலுக்கு 2,000 மில்லி வரை அனுமதி, உறைந்த தாய்ப்பாலைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை. இடையில் மாறும் விமான நிலையத்தில் மறுபடி சோதனை நடக்கலாம், அங்கே அந்த நாட்டின் விதிதான் செல்லும். ஆக, கிளம்பும் இடம், மாறும் இடம் இரண்டின் விதியையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சோதனைக்குள் நுழையும்போதே பாலைத் தனியாக எடுத்து வைத்து, தாய்ப்பால் என்று சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே கருவியால் பாலுக்குக் கெடுதல் இல்லை. உலர்பனிக்கட்டி (டிரை ஐஸ்) வைத்து அனுப்புவதானால் ஒருவருக்கு 2.5 கிலோ வரைதான், விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், வாயு வெளியேற வழியுள்ள பெட்டியாக இருக்க வேண்டும். காற்றுப் புகாமல் அடைத்தால் பெட்டி வெடிக்கும்.

உருகிய பாலோ புதிதாகப் பீய்ச்சிய பாலோ எதுவானாலும் பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். கேபின் அழுத்தம் குறையும்போது உள்ளே அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். அந்த அழுத்தத்தில்தான் பையின் ஜிப் ஓரமாகக் கசிகிறது, பாட்டிலைத் திறந்ததும் பால் பீய்ச்சியடிக்கிறது. பாட்டிலை நேராகப் பிடித்து, மூடியைச் சற்றே தளர்த்தி, காற்று வெளியேறிய பிறகு முழுக்கத் திறவுங்கள். பம்ப் கொண்டு போனால் கைப்பையில்தான் வையுங்கள், லித்தியம் பேட்டரியும் பவர் பேங்க்கும் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. மேலே பறக்கும்போது அதன் இழுவிசை சற்றுக் குறைந்ததுபோலத் தோன்றலாம், பம்ப் பழுதாகிவிட்டதென்று பயப்பட வேண்டாம். குழந்தையே கூட இருப்பதால் உங்களுக்குப் பம்ப் அவசியமில்லை, கையால் பீய்ச்சத் தெரிந்திருந்தால் போதும்.

காத்திருக்கும் மூன்று மணி நேரத்தில் முதலில் அவள் வேலையை முடியுங்கள். பாலூட்டும் அறையைத் தேடி, இரண்டு பக்கமும் நிதானமாகக் கொடுத்து, டயாபர் மாற்றி, தரையில் விரிப்பு போட்டுக் கைகால் உதைக்க விடுங்கள். பிறகு நீங்கள் சாப்பிட்டு நடங்கள். பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரத்தில்தான் காலில் ரத்தம் உறையும் ஆபத்து மிக அதிகம், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனாலும் பால் கொடுப்பவர் எழுந்திருக்காமலே மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுவார், அதனால் கணுக்காலைச் சுழற்றுங்கள், முடியும்போதெல்லாம் நடைபாதையில் நடங்கள். டயாபர் கணக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, கூடுதலாக ஐந்து. அவளுக்கு மாற்றுடை இரண்டு, உங்களுக்கும் ஒரு மேல்சட்டை. அதை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள கடிகாரத்துக்குப் பாலைப் பழக்க முயல வேண்டாம். இரண்டு மூன்று நாள் அவள் இரவில் விழித்துக் குடிப்பாள், பகலில் தூங்குவாள். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கிறாளா, ஆறு டயாபராவது நன்றாக நனைகிறதா என்று மட்டும் பாருங்கள். பகலில் வெளிச்சமும் இரவில் இருட்டும் கிடைத்தால் தூக்கம் தானே திரும்பும். சிறுநீர் மிகவும் குறைந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, சோர்ந்துபோய்க் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சலோடு விடாமல் அழுதாலோ, காதிலிருந்து நீர் வடிந்தாலோ, பயணக் களைப்பு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.